கல்வாசலில் நான்காம் நம்பர்

மார்ச் 3

புது பஸ் வந்துவிட்டது. பழசைவிட ஒன்றரை மீட்டர் நீளம். டிப்போவில் புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் பல்கலைக்கழக மேட்டுக்கு ஏறும் வழியிலுள்ள பழைய கல்வாசலுக்குள் நுழையாதாம். பல்கலைக்கழக என்ஜினியர் (இடுப்பில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை, அதனால் எங்களுக்கு டேப் சார்) கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம். பின்பக்கம் தூணில் உரசுமாம். ஐந்நூறு வருஷத்துத் தூண். “உங்களை நம்பி அதை விட முடியாதும்மா” என்றார். பதினைந்தாம் தேதியிலிருந்து நான்காம் நம்பர் மேட்டுக்கு ஏறாது, சுற்றுச்சாலையோடு சரி.

ஒன்பது வருஷமாக அந்த வாசலுக்குள் ஓட்டுகிறேன். ஒரு கீறல் உண்டா?

மார்ச் 4

நாத்தனாரிடம் சொன்னேன். மேட்டு விடுதிச் சமையலறையில் அவருக்கு வேலை. காலை ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். முட்டிவலி வேறு.

“அப்போ நான் நடந்துதான் ஏறணுமா? நீ டிரைவரா இருந்து என்ன பிரயோஜனம்?”

இவர் பேசலாமா? பழைய பஸ்ஸிலேயே கல்வாசல் வந்தால் கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

மேனேஜரிடம் போய் ஒரு சோதனை ஓட்டம் கேட்டேன். “முதல்ல டிப்போவுல ஓட்டிக் காட்டு. ஒரு டப்பா விழுந்தாலும் பேச்சே கிடையாது.”

மார்ச் 6

மைதானத்தில் எண்ணெய் டப்பாக்களை அடுக்கிக் கல்வாசல் கட்டினேன். டேப் சாரின் அளவு, இம்மி பிசகவில்லை. நிஜ வாசலுக்குப் பதினைந்தடி முன்னால், ஓரமாக, பஸ் நிறுத்தம். அதற்கு இங்கே ஒரு சுண்ணாம்புக் கோடு. நிறுத்தினேன், எடுத்தேன், நுழைந்தேன்.

டமார்.

மார்ச் 8

டமார்.

மார்ச் 9

டமார். மெக்கானிக் எண்ண ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்காரர் சிரிக்கிறார்: “சாப்பிடும்போது தட்டை ஸ்டீயரிங் மாதிரி திருப்பிக்கிட்டே இருக்கே.”

மார்ச் 11

டேப் சார் சொன்னதுதான் சரியோ? சீட்டில் உட்கார்ந்தபடியே அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன.

மார்ச் 12

மெக்கானிக் பழைய டயர்களைச் சரியாக என் நிறுத்தக் கோட்டின் மேல் குவித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். கத்தினேன். யார் காதில் விழும்? வந்த கோபத்தில் நிறுத்தாமல் நடுவாக, நேராக விட்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். டப்பா ஒன்றுகூட விழவில்லை!

மறுபடி ஓட்டினேன். நிற்கின்றன. மறுபடியும். நிற்கின்றன!

அடி மக்கே! ஓரம்கட்டினால் வண்டி கோணலாக நிற்கிறது. பழசு குட்டை, பதினைந்தடிக்குள் நிமிர்ந்துவிடும். இது நிமிராது. நேராக வந்தால் பிரச்சினையே இல்லை. ஆளே இல்லாத நிறுத்தத்தில் ஆறு நாளாக யாரை ஏற்ற நிறுத்தினேன்? பழக்கதோஷம். டேப் சாரும் நிறுத்தத்தைச் சேர்த்தேதான் கணக்குப் போட்டிருக்கிறார். கம்ப்யூட்டருக்கும் அதே வியாதி.

மார்ச் 14

நேற்று மேனேஜருக்கு ஓட்டிக் காட்டினேன், ஒரு டப்பாவும் விழவில்லை; இன்று கல்வாசலில் சோதனை ஓட்டம். மதில்மேல் மாணவர்கள். கீழே பேராசிரியர்கள் நாலு பேர். சமையலறைக் கூட்டம் அப்படியே ஏப்ரனோடு வந்துவிட்டது, முன்னால் நாத்தனார். நிறுத்தத்தை அறுபதடி பின்னால் தள்ளுங்கள் என்றேன்.

டேப் சார் தயங்கினார். “அங்க நிழல் இல்லையேம்மா. பேராசிரியருங்க எங்க நிப்பாங்க?”

“தூண் நிக்கணுமா, அவங்க நிழல்ல நிக்கணுமா சார்? நீங்களே சொல்லுங்க.”

மதில்மேல் ஒரே சிரிப்பு. வண்டியை எடுத்தேன். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். வெளியே வந்ததும் ஹாரனில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. ஹாரன் அடிக்கக் கூடாத தெரு, தெரியும். அடிச்சேன். நான் ஜெயிச்சிட்டேன்!

டேப் சார் தூணைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். “நிறுத்தத்தை நகர்த்தலாம்னு நான் யோசிக்கவே இல்லம்மா.” நல்ல மனுஷன்.

மார்ச் 15

நான்காம் நம்பர், மேடு வரை. போர்டை நானே மாட்டினேன்.

மார்ச் 21

காலை ஐந்தரை வண்டி. முன் சீட்டில் நாத்தனார். கல்வாசலைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. ஆனால் கை இரண்டும் மடியில். வாய் லேசாகத் திறந்து, நல்ல குறட்டை.