பாலேக்குச் சரிவராத பாதம்

அன்புள்ள அம்மா,

ஜெர்மனிக் குளிரை விட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பிய பிறகு முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம்.

பதினொரு வயதில் நீங்கள் இங்கே கூட்டிப்போன பாலே நடனத் தேர்வில், "இந்தப் பாதம் பாலேக்குச் சரிவராது" என்று என்னைத் திருப்பி அனுப்பிய இயக்குநரை நினைவிருக்கிறதா? இப்போது அவருடைய பாலே குழு பெரிதாகிவிட்டது. இன்னும் இருபது பேரைச் சேர்க்க, நான் வேலை செய்யும் கலை நிதி அலுவலகத்தில் அரசு நிதிக்கு விண்ணப்பித்தார். கையெழுத்து வைக்க மறந்துவிட்டார். வேறு யாரென்றாலும் உடனே தொலைபேசியில் சொல்லியிருப்பேன். இவருக்குச் சொல்லாமல், கடைசி நாள் கடக்கும்வரை காத்திருந்தேன்.

நேற்று ஓடிவந்தார். "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!" என்றார்.

"இந்த விண்ணப்பம் சரிவராது. அடுத்த வருசம் வாங்கோ" என்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. அரைக் கிலோ போதும், தனி ஆளுக்குத்தானே. ட்ராம் வருகிறது, முடிக்கிறேன்.

அடுத்த வருடம் சப்பாத்தைக் கழற்றி, அந்தப் பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் அவரோடு கதைப்பேன்.

மகள்,
கஜந்தி