தூங்குகிறவனை எழுப்பாத வீடு

மார்ச் 4
அண்ணன் வந்து ஒன்பது நாள். பெரியம்மா மகன். தடுப்பு முகாமில் பதினொரு மாதம் இருந்தவன். அடைக்கல மனு முடியும்வரை இவனைப் போன்றவர்கள் முகாமுக்குள்ளே காத்திருக்க வேண்டுமா, வெளியிலா என்று நாடே சண்டை போடுகிறது. இவன் இப்போதைக்கு எங்கள் முன்னறையில். நிபந்தனை ஒன்று: பகலில் குடிவரவு அலுவலகத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் போன் வரும். அவனே எடுத்துப் பேச வேண்டும்.

மார்ச் 5
வகுப்பில் விவாதம். “வெளியே விட்டால் ஓடிவிடுவார்கள்” என்றான் ஒருவன். அண்ணன் எங்கே ஓடுவான்? தண்ணீர் குடிப்பதற்கே அம்மாவிடம் அனுமதி கேட்கிறான். அதைச் சொல்லவில்லை. புள்ளிவிவரம் சொன்னேன். கைதட்டல். வீட்டில் இதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்கு நான் ‘பேராசிரியை’.

மார்ச் 11
அம்மா கெடுத்துவிட்டாள்.
மதியம் இரண்டு மணிக்கு போன். அண்ணன் தூக்கம். அம்மா எடுத்து, “இப்பதான் கண்ணசந்தான், பாவம். அப்புறமா பண்ணுங்க” என்று வைத்துவிட்டாள்.
“எழுப்பியிருக்கணும்மா!”
“தூங்குறவனை எப்படிடீ எழுப்புறது? ரெண்டு நாளா கண்ணே மூடல.”
பரீட்சை நாளில்கூட என்னை எழுப்பாதவள்.

மார்ச் 12
கடிதம். நிபந்தனை மீறல். பதினெட்டாம் தேதி விசாரணை. முகாமுக்கே திருப்பி அனுப்பக் கேட்கிறார்கள்.
அண்ணன் அதற்குள் துணி மடிக்கத் தொடங்கிவிட்டான். “அங்கயே இருந்துக்கிறேன் சித்தி. உங்களுக்கு ஏன் தொல்லை?”
“வை கீழே. உன்னை யாருடா கேட்டா?”

மார்ச் 14
விசாரணையில் படிக்க ஆறு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு அண்ணனின் வக்கீலம்மாவிடம் போனேன். அடிக்குறிப்புகளோடு. முதல் பக்கத்தோடு மூடினார். “நல்லா இருக்கு. பத்திரிகைக்கு அனுப்பு. விசாரணை அன்னைக்கு உங்கம்மா பேசட்டும்.”
அம்மாவா? நீதிபதியிடமும் ‘பாவம்’ என்பாளே!
ஆனாலும் — ஜெயிப்போம். ஏனோ சந்தேகமே இல்லை.

மார்ச் 18
அரசு வக்கீல்: இந்த வீட்டை நம்பி ஆளை விட முடியாது.
நீதிபதி அம்மாவைக் கேட்டார்: ஏன் எழுப்பவில்லை?
“அங்க ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டு, பேர் சொல்லி எழுப்பி எண்ணுவாங்களாம், ஐயா. என் வீட்லயும் அப்படின்னா, அவன் அங்கயே இருந்திருக்கலாமே. தப்பு என்னோடது. அவன் எங்கயும் போகலை. தூங்கத்தான் செஞ்சான்.”
நீதிபதி வெகுநேரம் எழுதினார்.
வீட்டிலேயே காத்திருக்கலாம். இனி போன் நிபந்தனை கிடையாது. செவ்வாய்தோறும் நேரில் போய்க் கையெழுத்து.
என் ஆறு பக்கத்தில் ‘தூங்கத்தான் செஞ்சான்’ என்ற வாக்கியம் இல்லை.

மார்ச் 19
அம்மா பதினொரு மணிவரை தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை.

ஏப்ரல் 8
செவ்வாய். “நீ வேண்டாம் பேராசிரியை, வழி தெரியும்” என்று தனியாகப் போனான். பன்னிரண்டுக்கு வர வேண்டியவன் ஒன்றரைக்கும் வரவில்லை. அம்மா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒரு நிமிடம் — ஓடிவிட்டானோ என்று எனக்கே சந்தேகம். எழுதித்தான் ஆக வேண்டும்.
இரண்டுக்கு வந்தான். முடி வெட்டியிருந்தது.
“சொல்லிட்டுப் போகக் கூடாதாடா?”
“கடையில கூட்டம் சித்தி. பாதியில எழுந்து வரவா?”
எரிச்சலாகத்தான் சொன்னான். காலரிலிருந்து முடியை உதறிக்கொண்டே அவளைத் தாண்டி உள்ளே போனான்.
“எதிர்த்துப் பேசுறான் பாரு!” என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.