அந்த ஞாயிறு முகத்துவாரம் யார் முறை?

என் அன்பு நைனாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுதியதில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. இப்போது அந்தத் தடை நீங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வடசென்னையில் டீக்கடை வாசலில் ஒரு ரவுடியை வெட்டிக் கொன்றார்கள். சந்தேகம் நம் பக்கத்துக் குப்பத்துச் செங்கேணி மேல். பட்டணம் போய்ப் பெரிய ஆளாகிவிட்டவன். "அன்னிக்கு நான் ஏரில இருந்தேன். முகத்துவாரத்துல எங்க ஊராளுங்களோட வலை போட்டேன்" என்றான். பதினொரு பேர் சாட்சி சொன்னார்கள். போலீஸ் எழுதிக்கொண்டது. நிருபர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் பேனாவை மூடினேன்.

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், எந்தக் குப்பம் வலை போடலாம் என்று பாடு முறை உண்டல்லவா? அந்த ஞாயிறு, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் நம் குப்பத்து முறை. அடுத்த ஊர் முறையில் வலை இறக்கினால் மாலைக்குள் மண்டை உடையும். அன்று ஒரு மண்டையும் உடையவில்லை; அப்படியென்றால் அவர்கள் அங்கே வலையே இறக்கவில்லை. செங்கேணிக்கு முறை மறந்துவிட்டது. சாட்சிகளுக்கு மறக்கவில்லை, அவனைத் திருத்தும் தைரியம்தான் இல்லை.

அதை எழுதினேன். பயத்தில் என் பெயர் வேண்டாம் என்றேன். 'நமது நிருபர்' என்று வந்தது. பெயரை மறைத்த புத்திசாலி, பாடு முறையை முழுசாக எழுதியிருந்தேன். குப்பத்துக்காரனைத் தவிர யாருக்கு அது தெரியும்?

செவ்வாய்க்கிழமை செங்கேணியின் ஆட்கள் இருவர் சித்தப்பாவைத் தேடி வந்தார்கள். முறைகளை எழுதிவைக்கும் பாடு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. நம் ஊர் டச்சுக் கல்லறை வாசலில் மடக்கினார்களாம்.

"இன்னா பெரீவரே, பேப்பர்காரனுக்குக் கணக்கு ஓதினது நீதானே?"

"பேப்பர்னா எனக்கு வடை மடிக்கிறதுதான் தெரியும் தம்பி."

"ஞாயித்துக்கிழமை வரோம். யோசிச்சு வை."

சித்தப்பா போனில் சிரித்தார். "வாசல்ல கல்லுல செதுக்கின எலும்புக்கூடு ரெண்டு கீதே, என்னையே பாத்துச்சுடா. உள்ள இடம் இருக்குதுன்னு கூப்புடுற மாரி." பிறகு குரல் இறங்கியது. "உன் பேரு சொல்லலடா."

அன்றிலிருந்து நான் கதவைத் திறப்பதில்லை. யார் கதவைத் தட்டினாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பால்காரர் நான் ஊரில் இல்லை என்றே முடிவு செய்துவிட்டார். போலீசில் பாதுகாப்பு கேட்டேன். "எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதியதால்தானே இத்தனையும்?

நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? பேசாமல் இரு என்றா? அடுத்தவன் முறையில் கை வைக்காதே என்றுதான் என்னை வளர்த்தீர்கள். சித்தப்பா இப்போது நிற்பது என் முறையில், நைனா.

அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் சமாதியில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பத்திரிகையில் போடுகிறேன். அந்தச் செய்தியை எழுதியவன் நான். சித்தப்பா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாடு கணக்கைச் சொன்னது நீங்கள், சோற்றுத் தட்டின் முன்னால், வருடக்கணக்காக. உங்களை விசாரிக்க விரும்புகிறவர்கள் நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தாராளமாக வரலாம்.

கோர்ட்டிலும் இதையே சொல்வேன். கால் நடுங்கும். நடுங்கிக்கொண்டே சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இந்த முறை பெயரோடு,
உங்கள் மூத்த மகன்
மாசிலாமணி