கொடி, கொடி என்றார்

பிப்ரவரி 4, புதன்

விடியலில் லேசான பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கோலம் போட்டுவிட்டு, காரின் மேல் கிடந்த கித்தானை எடுத்தேன்.

இடது கதவுக்குக் கீழே, இவர் ஏறும் பக்கம், வாசற்படி மாதிரி நீளமாக ஓடும் இரும்புப் பெட்டித் தகடு. குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. சீட்டுக்கு அடியிலும் பாதித் தரை இல்லை. போர்ட்டிகோ சிமெண்ட் தெரிகிறது.

இரண்டு பட்டறையிலும் ஒரே பேச்சு. "எடைக்குப் போட்ருங்க மேடம்."

எப்படிப் போடுவது? இவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். பாலவாக்கத்தில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்தும் இரண்டு வருஷம். அக்காவுக்கு முட்டி போய்விட்டது, கேட்டைத் தாண்டுவதில்லை. ஆட்டோவில் இவருக்கு உட்காரப் பிடிமானம் போதாது. ஸ்ட்ரெச்சர் வண்டி வைத்துப் போகலாமா என்று கேட்டதற்கு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். படுத்துக்கொண்டு போகமாட்டார். உட்கார்ந்து போகவேண்டும், இந்த வண்டியில், முன் சீட்டில். இதற்குத்தான் அகலக் கதவு, உயர சீட்டு.

ஆகவே நான். ஃபோனில் வீடியோ பார்த்து, துண்டுத் தகடுகளில் இரண்டு மாதம் வெல்டிங் பழகியாயிற்று. மெஷின் சிந்தாதிரிப்பேட்டை ரஃபீக் பாயிடம் வாங்கியது. பெட்ரோல் டேங்க், பேட்டரி இரண்டும் கழற்றியாயிற்று. பருத்திப் புடவை, மேலே இவருடைய பழைய காக்கிச் சட்டை.

இவர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வெல்டிங் சூபர்வைசர். பேச்சு மட்டும் இடறுகிறது. நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. காபி வேண்டுமென்றால் "பேப்பர்" என்பார். காது அப்படியே இருக்கிறது, பகவான் கிருபை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார். அப்பளம் பொரிகிற மாதிரி சீராகச் சத்தம் வந்தால் கைத்தடியால் ஒரு தட்டு: சரி. இரண்டு தட்டு: நிறுத்து.

இன்றைய கணக்கு: ராடு 14. ஒழுங்காகப் பிடித்தது 9. தகட்டில் ஓட்டை விழுந்தது 3. ஒட்டிக்கொண்டது 2.

பிப்ரவரி 5, வியாழன்

பாய் வேலையைப் பார்க்க வந்தார். பார்த்ததும் முதல் வார்த்தை:

"இன்னாமா இது, செயின் இப்டித் தொங்கிக்கினு கீது? குனிஞ்சா கரண்ட்டு கிளாம்பு மேல படும். கழுத்து வெந்துடும். கழட்டி வெச்சிரு."

"அது கழட்டற வஸ்து இல்லை பாய்."

"தெரியும்மா. எங்க ஊட்ல கருகமணி போட்டுக்கினு கீறாங்க. அத்த கழட்டுன்னு சொன்னா எனக்கு சோறு கெடைக்குமா? கயித்துல மாத்திக்கோ. அவ்ளோதான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சுவாமிக்கு முன்னால் உட்கார்ந்து திருமாங்கல்யத்தை மஞ்சள் சரடில் கோத்துக்கொண்டேன். தங்கக் கொடி டப்பாவில், பூஜை அலமாரியில்.

சாயந்திரம் மாடி வீட்டு மைதிலி என் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கஷ்டம்னா சொல்லப்படாதா மாமி? போயும் போயும் கொடியையா அடகு வெப்பா?"

விளக்கினேன். நம்பவில்லை. ராத்திரிக்கு ஒரு பாத்திரம் பூசணிக்காய்க் கூட்டு கீழே வந்தது. நல்ல மனசு. கூட்டும் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

தரை முடிந்தது! அடியில் நீளவாட்டில் இரண்டு சதுரக் குழாய், மேலே புதுத் தகடு. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். முதலில் தள்ளித் தள்ளிப் புள்ளி, ஆறவிட்டு அப்புறம் கோடு. அது கைக்குத் தெரிந்ததுதான்.

புதுத் தரைமேல் ஏறி நின்றேன். தாங்குகிறது. என்னையே தாங்கினால் இவரைத் தாங்காதா.

ராடு 19. ஓட்டை 1. தயிர் உறை ஊற்ற மறந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டை அறுக்கும் நாள். கட்டரை எடுத்ததும் இவர், "கொடி."

"பத்திரமா இருக்குன்னா. பூஜை அலமாரில."

"கொடி. கொடி!" இரண்டு தட்டு.

உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து, திறந்தே காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். "கட்டு" என்றார்.

"கட்டிக்கறேன். வேலை முடியட்டும்னா."

நான் கழற்றினதில் வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். காதில் பஞ்சு. கட்டரை ஓட்டினேன். அதன் பிறகு அவர் தட்டியிருந்தாலும் எனக்கு எங்கே கேட்கும்?

பழைய தகடு முழுசாக வந்தது. பெருமையாகத் திரும்பினேன். கைத்தடி துளசி மாடத்துப் பக்கம் கிடந்தது. வீசி எறிந்திருக்கிறார்.

கதவைச் சாத்தினேன். சாத்திக்கொள்ளவில்லை. மேல் மூலை முட்டுகிறது. தள்ளினேன், தூக்கிப் பார்த்தேன், தோளைக் கொடுத்தேன். முட்டுகிறது. வண்டியே நடுவில் தொய்ந்திருக்கிறது.

ராடு 0. சாப்பிடப் பிடிக்கவில்லை. பட்டறைக்காரன் சொன்ன வார்த்தையே காதில். இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அக்காவிடம் என்ன சொல்வது?

பிப்ரவரி 11, புதன்

பாய் வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"குறுக்கு குடுக்காமயே அறுத்துட்டியா? வண்டியத் தாங்கினு இருந்ததே அதாம்மா. மொதல்ல கதவு சந்துல மூலைக்கு மூலை ஒரு கொயாய கட்டணும். அப்புறந்தான் அறுக்கணும்."

பின்னாலிருந்து தடி ஒரு தட்டு. "கொடி!"

பாய் திரும்பிப் பார்த்தார். இவர் நல்ல கையைத் தூக்கிக் காற்றில் ஒரு கோடு இழுத்தார், மூலையிலிருந்து மூலைக்கு. பிறகு கையை அப்படியே நீட்டிக் காட்டினார். போர்ட்டிகோவில், தூணுக்குத் தூண் குறுக்கே துணி காயப்போடும் கொடி. அவருடைய வேஷ்டிதான் காய்ந்துகொண்டிருந்தது.

ஐயோ. கொடி கட்டு. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்! நான் நகை டப்பாவைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

"சாருக்கு எல்லாம் கரெக்டா வருதும்மா," என்றார் பாய். "உனக்குத்தான் தமிழ் தெரியல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நடு வண்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி. பாய் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார், நான் கதவைப் பிடித்துக்கொண்டேன், இவர் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலும் கீழும் ஒரே சந்து வந்ததும் இரண்டு தட்டு. நிறுத்தினோம். கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. அதன் பிறகு திறந்து, மூலைக்கு மூலை இரண்டு குழாய், புள்ளி வைத்துக் கட்டினேன்.

கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகவே இல்லை. சாயந்திரம் கபாலி கோயிலில் கற்பகாம்பாளுக்கு ஒன்பது பிரதட்சிணம். மைதிலியும் வந்தாள், எனக்காக வேண்டிக்கொண்டாளாம். எதற்கென்று கேட்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

புதுத் தகடு ஏறிவிட்டது, உள்ளே ஒரு குழாயும் கூட. ராடு 22. ஓட்டை 0. பாய் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். "மணி மாதிரி கீது." குறுக்குக் குழாய்களை எடுத்தோம். கதவு சாத்திக்கொள்கிறது. பதினோரு தடவை சாத்தினேன். பன்னிரண்டாவது இவர்.

டேங்க் மாட்ட, பிரேக், டயர் பார்க்க திங்கட்கிழமை மெக்கானிக். துருவுக்கு பெயின்ட். மாவு அரைக்கணும்.

பிப்ரவரி 19, வியாழன்

நல்ல வெயில். நான்தான் ஓட்டினேன். இவர் முன் சீட்டில், தடி முழங்காலுக்கு நடுவில். அடையாறு பாலம், திருவான்மியூர், அப்புறம் கடற்கரைச் சாலை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் ஸ்லோகம், அவர் காதைக் கீழே கொடுத்துக் கேட்டார். ஒரு சின்னச் சத்தம் இல்லை.

அக்கா கேட்டுக்குள் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். எழுந்திருக்க அவளால் முடியாது, இறங்க இவருக்கு நேரமாகும். வண்டியை நாற்காலி வரைக்கும் உள்ளே விட்டுக் கதவைத் திறந்தேன். இருந்த இடத்திலிருந்தே இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப நேரம்.

"என்னடா இப்படி இளைச்சுட்டே?"

"பேப்பர்," என்றார்.

"காபி கேக்கறார் அக்கா."

காபி வந்தது. குடித்துக்கொண்டே அக்கா என் கழுத்தைப் பார்த்தாள். டம்ளர் பாதியில் நின்றது.

"விஜி, கொடி எங்கேடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தடியால் கதவுக்குக் கீழே, புதுத் தகட்டின் மேல் ஒரு தட்டு.

"இங்க."

"அடப்பாவி! கொடியை வித்தாடா வண்டி பண்ணினே?"

இவர் சிரித்தார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம், தோள் குலுங்க, பழைய சிரிப்பு. கூடச் சேர்ந்து சிரித்ததில் விளக்கிச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

நாளை வெள்ளி. குளித்துவிட்டுக் கொடியை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மீதி ராடு 6. அக்காவுக்கு ஃபோன் பண்ணி, கொடியை விற்கவில்லை என்று சொல்ல வேண்டும், பாவம்.