உலை நிற்கும் வரை

மார்ச் 4

கண்ணம்மா,

உன் கடிதத்தை பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தேன். பேத்தியோ பேரனோ வரப்போவதைச் சொல்ல பக்கத்து சீட்டில் ஆளில்லை. என் துணியில் எப்போதும் அந்துருண்டை வாசனை, யாரும் உட்காருவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். நிலக்கரியை எண்ணெயாக்கிப் பார்க்கிறோம். உலைச் சூட்டில் கரி துண்டு துண்டாக உடையும். அந்த நேரத்தில் துண்டுகளுக்கு ஹைட்ரஜன் வேண்டும். கூட ஊற்றும் கரைப்பான் தன்னிடமிருக்கும் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, தான் அந்துருண்டைச் சரக்காகிவிடும். ஹைட்ரஜன் பிந்தினால் துண்டுகள் தங்களுக்குள் ஒட்டி இறுகிவிடும். அப்புறம் பெயர்த்தெடுக்க உளிதான்.

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடுவேன்.

அம்மா

மே 2

அன்புள்ள அம்மா,

டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். உன் மாப்பிள்ளை கப்பலிலிருந்து ஆகஸ்டில்தான் இறங்குவார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பயமாக இருக்கிறது. எதிர்வீட்டுத் தையல்கார அக்காதான் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார். "அம்மா எப்போ வர்றாங்க?" என்று தினமும் கேட்கிறார். "இதோ" என்கிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூட விழாக்களிலும் டீச்சரிடம் இதையேதான் சொல்வேன்.

சண்டைக்கு எழுதவில்லை. வா.

உன் மகள்

மே 13

கண்ணம்மா,

உலை அடைத்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து கரியைப் பெயர்த்தோம். மறுபடி முதலிலிருந்து. "நீங்க கிளம்புங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்கிறான் உதவியாளன். நல்ல பிள்ளைதான். ஆனால் இந்த உலையின் கோபதாபம் எனக்குத்தான் தெரியும். சோதனை முடிந்த மறுநாளே ரயில் ஏறுவேன். இன்னும்தான் நாள் இருக்கிறதே. கோபித்துக்கொள்ளாதே.

அம்மா

ஜூன் 1

அம்மா,

பெண் குழந்தை. முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். இருவரும் நலம்.

"கூட வந்தது யாரு?" என்று நர்ஸ் கேட்டார். "நான்தான், இவளோட அம்மா" என்று தையல்கார அக்கா கையெழுத்துப் போட்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

நீ அவசரப்பட வேண்டாம். வேலையை முடி.

ஜூன் 8

கண்ணம்மா,

சோதனை முடிந்தது. கரிக்குப் போன ஹைட்ரஜனில் பெரும்பகுதி உலையில் நிரப்பிய ஹைட்ரஜன் வாயுவிலிருந்து வரவில்லை, கரைப்பானிலிருந்துதான் வந்திருக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். உடனே உனக்கு போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

டிக்கெட் வாங்கிவிட்டேன். கேட்காமல் வந்து கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வார்த்தை எழுது, கிளம்பிவிடுவேன்.

அம்மா

ஜூலை 2

கண்ணம்மா,

உன் பதில் வராமலே டிக்கெட் தேதி போய்விட்டது. தையல்கார அக்காவுக்கு எழுதிக் கேட்கலாமா என்று நினைத்தேன். உன்னைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இங்கே எல்லோரும் பேத்தி பேர் என்ன என்கிறார்கள். "இன்னும் வைக்கல" என்கிறேன். வைத்திருப்பாய்.

என்னை வரச் சொல்லி எழுத வேண்டாம். பேரை மட்டும் எழுது.

அம்மா