இரண்டு பேரையும் வரச் சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை வாலுவும் இருக்கிறோம், காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை, மற்றதை நலம் என்றே வைத்துக்கொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை போனில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் கண்ணாடிக் கடையில் பிள்ளைகள் கூட்டம்தான், நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் நின்று கால் இரண்டும் வீங்கிவிடுகிறது. முதலாளி ஒரு ஸ்டூல் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் இனி சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த விடுமுறைக்கு வாலுவை உன்னிடம் அழைத்துவர நான் கிளம்பியதும், உன் அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்று முரண்டு பிடித்ததும், நான் பிள்ளையோடு அங்கேயே தங்கிவிடுவேன் என்று வக்கீலிடம் சொன்னதும் உனக்குத் தெரியும். பிறகு அவரும் அவளை எங்கேயோ வெளிநாடு கூட்டிப்போகப் போகிறாராம் என்று காதில் விழுந்தது. எங்கே என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நேற்று குடும்பக் கோர்ட்டில் சமரசம் பேசும் அதிகாரி அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, யார் வீட்டுக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் உன் விலாசத்தைச் சொன்னேன். உன் அப்பாவும் அதையே சொன்னார், கதவு எண் உட்பட. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, பெத்த பொண்ணைப் பார்க்கத்தான் ரெண்டு பேரும் கிளம்புறீங்க, இதுக்கா இத்தனை நாளா அடிச்சுக்கிட்டீங்க என்றார். அந்த நேரம் பார்த்து உன் அப்பாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கூப்பிட்டுப் போன், எங்கேயோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம். முதல்ல நான் இங்கருந்து வெளிய வர்றேன், அப்புறம் உங்களை எடுக்கறேன் என்று அவர் சொன்னதும் பாழாய்ப்போன சிரிப்பு எனக்கும் வந்துவிட்டது.

என்னிடம் வாம்மா என்றாய், அவரிடம் வாங்கப்பா என்றாய். உன்மேல் கோபம் இல்லை. யாரிடம் வேண்டாம் என்று சொல்வாய், பாவம். ஆனால் நேற்று அந்த அதிகாரி வாலுவை உள்ளே கூப்பிட்டு, யாரோட போறே என்று கேட்டபோது அவள் சொன்னதைக் கேள். நான் போகலை, எனக்கு ப்ளேன்ல வாந்தி வரும் என்றாள். இவள் ப்ளேனைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. சாயங்காலம் தலை வாரும்போது மெதுவாகக் கேட்டேன். உன்னோட போனா அப்பா வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துப்பாரு, அப்பாவோட போனா நீ அதுவும் தின்ன மாட்டே என்றாள். சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. பத்து வயதில் இவளுக்கு ஏன் இந்தக் கவலை? எனக்கு மனசே விட்டுப்போயிற்று, கண்ணு.

இன்று காலை கடைக்குப் போகும் வழியில் அந்த அலுவலகத்துக்குப் போய், உன் அப்பாவோடு அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. யாராவது ஒருவர் பிடியை விட வேண்டும், எனக்கு இனி இழுக்கத் தெம்பில்லை. மத்தியானம் அவர் கடைக்குப் போன் செய்தார். நன்றி சொல்ல வாய் வரவில்லை, அவளுக்கு ஸ்வெட்டர் என்ன அளவு என்று மட்டும் கேட்டார். ஆனால் வாலு இன்னும் வர மாட்டேன் என்றே நிற்கிறாள். நீதான் அவளிடம் பேச வேண்டும், நீ சொன்னால் கேட்பாள்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், நிம்மதியாகத் தூங்கி எழு, என் ஆசி எப்போதும் உன்னோடு. அப்பாவுக்குத் தரையில் படுக்கை போடாதே, முதுகு பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. அவள் அங்கே வந்ததும் அம்மா தனியா என்ன பண்றாளோ என்று அவள் காதுபட ஒரு வார்த்தை சொல்லாதே. நான் சாப்பிட்டேனா என்று அவள் போன் செய்து கேட்டால் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன், பக்கத்தில் இருக்கும் நீயும் அதை நம்பியது போலவே இரு.

என்றும் உன்,
அம்மா