லேத்துக்காரர் மகனைக் கூப்பிட்ட மதியம்

அன்பு மகனுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் ஒருவர் குறையை ஒருவர் சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, மாத்திரை போடச் சொன்னால் உங்களுக்கு டாக்டர் பட்டம் எப்ப குடுத்தாங்க என்று கேட்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பின்தெரு லேத்துப் பட்டறைக்காரர், சின்ன வயதில் உன் சைக்கிள் பெடலைச் சரிசெய்து தந்தவர், போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இதையெல்லாம் எழுதாதீங்க, புள்ள பயந்துடுவான் என்று அம்மா சொன்னாள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று சபைக்காரர்களும் சேர்ந்து, கவனிக்க ஆளில்லாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வருகிறோம் என்று போனில் சொன்னேன் அல்லவா. நம் சபையிலிருந்து நான், கத்தோலிக்கக் கோவிலிலிருந்து நர்ஸம்மா, பெந்தெகொஸ்தே சபையிலிருந்து தையற்கடைக்காரர். நர்ஸம்மா படுக்கைப்புண்ணைத் துடைத்து மருந்து போடுவார், தையற்கடைக்காரர் தூக்கிக் குளிப்பாட்டுவார், நான் முகம் மழித்து நகம் வெட்டிவிடுவேன். வேலையில் சண்டை வந்ததே இல்லை. கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லும்போதுதான் வேடிக்கை, அவரவர் சபை வார்த்தையில் ஆளுக்கொரு பாதையில் போய் ஆமென் சொல்லும் இடத்தில்தான் சந்திப்போம். லேத்துக்காரர் வீட்டுக்கும் அப்படித்தான் போய் வந்தோம், அவர் படுத்தபடியே சிரிப்பார். அவருக்கு ஒரே மகன், உன்னைப் போலத் தூர தேசத்தில் வேலை. ஒருநாள், மகன் வந்துட்டானா என்று கேட்டார். வந்துகிட்டே இருக்கான் என்று சொல்லிவிட்டேன். தையற்கடைக்காரர் தெருவில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். சாகப்போறவர்கிட்ட பொய் சொல்லலாமா, அவர் நேரா ஆண்டவர் முன்னால போய் நிக்கப்போறவரு என்றார். உங்க சத்தியம் அவர் தொண்டையை நனைக்குமா என்று நானும் கேட்டுவிட்டேன். நர்ஸம்மாதான் சமாதானம் பேசி, படுக்கையருகில் இனி யாரும் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்ய வைத்தார். அதன்பிறகு லேத்துக்காரர் கேட்டபோதெல்லாம், இன்னும் வரலைங்க என்றே சொன்னோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பார்க்கச் சகிக்காது.

செவ்வாய் மதியம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மகனுக்குப் போன் போட்டோம், மணி அடித்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அங்கே போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்களாம், அவன்மேல் குற்றமில்லை. லேத்துக்காரர் கண்ணைத் திறக்காமலே தம்பி, தம்பி என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பொய் சொல்வதில்லை என்று பேசிய பேச்சு என் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டது. அப்போது தையற்கடைக்காரர் முட்டிபோட்டு அவர் காதருகே குனிந்து, வந்துட்டேன்ப்பா என்றார். லேத்துக்காரர் அவர் கன்னத்தைத் தடவி, சாப்டியா என்று கேட்டார். சாப்டேன்ப்பா என்றார். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. பிறகு தையற்கடைக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து, நான் பண்ணது பாவமாங்க என்று என்னையே கேட்டார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் இன்னும் கடை திறக்கவில்லை. வேலை முடிந்து போனைப் பார்த்த மகன் மறுநாளே விமானம் பிடித்து வந்து, அப்பா கடைசியா என்ன சொன்னாரு என்று கேட்டான். நீ சாப்பிட்டியான்னு கேட்டாரு என்றோம். அது பொய்யில்லை.

அம்மா உன்னிடம் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்த டாக்டர், மகனை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க என்றார். வேலையை விட்டுவிட்டு ஓடிவா என்று சொல்லவில்லை. லீவு கேட்டுப் பார்.

நீ இருக்கும் இடமெல்லாம் ஆண்டவர் துணையிருப்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் கூப்பிட்டால் பதில் சொல்ல இங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். எனக்காகத் தையற்கடைக்காரர் இன்னொரு பாவத்தையும் ஏற்றுக்கொள்வார். ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும், உன் குரல் இல்லை என்று தெரிந்துவிடும். அதனால் நீயே வந்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஆசைப்படும்
அப்பா